காடு பச்சையாகத்தான் இருக்கிறது, காண்டாமிருகம் எங்கே?

2014ஆம் ஆண்டில், சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

மார்ச் மாதம், அந்தக் காட்டுக்குள் தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு பெண் சுமத்ரா காண்டாமிருகத்தைப் பிடித்து, தாபின் வனவிலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஜோடி தேடித் தர வேண்டும், இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது திட்டம். இமான் என்று பெயர் வைத்தார்கள்.

நவம்பர் மாதம், லேசர் கருவி பொருத்திய ஓர் ஆய்வு விமானம் அதே காட்டின் மேல் பறந்தது. அந்த விமானம் திரட்டிய தரவுகளை அலசியபோதுதான் ‘மெனாரா’ கண்ணில் பட்டது. மலாயில் கோபுரம் என்று பொருள். மஞ்சள் மெராந்தி வகை மரம். உயரம் 100.8 மீட்டர். ஏறக்குறைய 30 மாடிக் கட்டடம் அளவு! இதுவரை அளக்கப்பட்ட வெப்பமண்டல மரங்களிலேயே ஆக உயரமானது அதுதான். 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர் மரமேறி உச்சி வரை ஏறி, அளவு நாடாவைத் தொங்கவிட்டு அந்த உயரத்தை உறுதி செய்தார்.

அதே 2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, இமான் இறந்தது. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் அது.

இப்போது யோசிச்சுப் பாருங்க. ஒரு மரத்தின் உயரத்தை ஆகாயத்திலிருந்தே அளக்க முடிகிற நாட்டில், ஓர் இனமே இல்லாமல் போனது. காண்டாமிருகங்கள் குறைந்துகொண்டே வந்த அத்தனை ஆண்டுகளிலும், டானும் பள்ளத்தாக்கு செயற்கைக்கோள் படத்தில் ஒரே மாதிரி பச்சையாகத்தான் இருந்தது.

அப்படியானால் மேலே இருந்து காட்டைக் கண்காணிப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொள்ளாவிட்டால், “நம் காடு பத்திரமாக இருக்கிறது” என்று யார் சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதான்.

மேலே இருந்து என்ன தெரியும்?

தொட்டுப் பார்க்காமல், தூரத்தில் இருந்தே ஒன்றை அளப்பதைத்தான் தொலையுணர்வு என்கிறோம். செயற்கைக்கோள், விமானம், டிரோன் எல்லாம் இதில் அடக்கம்.

உயிருள்ள இலை சூரிய ஒளியில் இருக்கும் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், கீழே செழிப்பான செடிகொடி இருக்கிறதா, மொட்டைத் தரையா என்று தெரிந்துவிடும். 1972ல் விண்ணுக்குப் போன முதல் லேண்ட்சாட் முதல் இன்று வரை அடிப்படை இதுதான். இந்தத் தொடரின் படங்கள் 2008ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. ஒரு காடு 40, 50 ஆண்டுகளில் எப்படி மாறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இன்னும் கூர்மை. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டமாக, 5 நாளுக்கு ஒருமுறை படம் தருகின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. மேகம்!

போர்னியோவில் மேகமே இல்லாத ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். 5 நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வந்தாலும், அது பார்ப்பது பாதி நேரம் வெள்ளைப் பஞ்சைத்தான். அந்த இடைவெளியில் கீழே லாரி வந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

இங்கேதான் ரேடார் கைகொடுக்கிறது. அது தானே ஒரு அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. மேகம், இருட்டு எதுவும் தடையில்லை. அலையின் நீளம் எவ்வளவோ அதைப் பொறுத்து அது பார்க்கும் காடும் மாறும். சென்டினல்-1 அனுப்பும் அலை சுமார் 5.6 சென்டிமீட்டர். அது மேலிருக்கும் இலை, சிறு கிளைகளில் பட்டே திரும்பிவிடும். 24 சென்டிமீட்டர் அலை பெரிய கிளைகள் வரை போகும். 70 சென்டிமீட்டர் அலைக்கு இலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, உள்ளே நுழைந்து அடிமரத்தையே தொட்டுப் பார்க்கும்.

2025ல் இந்தத் துறைக்கு இரண்டு பெரிய கண்கள் கிடைத்தன. ஏப்ரல் 29ஆம் தேதி ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ‘பயோமாஸ்’ செயற்கைக்கோளைப் பிரெஞ்சு கயானாவில் இருந்து அனுப்பியது. அந்த 70 சென்டிமீட்டர் அலையை விண்ணிலிருந்து பயன்படுத்தும் முதல் செயற்கைக்கோள் அது. ஜூலை 30ஆம் தேதி, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ‘நைசார்’, சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வந்து பூமியை ஸ்கேன் செய்யும். மேகம் மூடிய காடுகள் அதிகம் உள்ள நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது லேசான விஷயம் இல்லை.

லேசர் சொன்ன கதை

மெனாராவைக் கண்டுபிடித்தது ரேடார் அல்ல, லைடார். விமானத்தில் இருந்து நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளைக் கீழே விடுவார்கள். சில மர உச்சியில் பட்டுத் திரும்பும். சில நடுக்கிளையில் படும். இலை இடுக்கு வழியாக நழுவிப் போகும் சில, தரை வரை போய்த் திரும்பும். ஒவ்வொன்றும் திரும்பி வர எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றினால், காட்டின் முப்பரிமாண உருவமே கணினியில் எழுந்து நிற்கும்.

காட்டின் கட்டமைப்பு ஏன் முக்கியம்? காட்டை ஓர் அடுக்குமாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் ஒரு கூட்டம், நடுவில் ஒரு கூட்டம், கீழே இருட்டில் ஒரு கூட்டம். சரவாக்கின் சின்னமான இருவாட்சிப் பறவைக்குக் கூடு கட்ட, பெரிய மரத்தில் பொந்து வேண்டும். மரம் இளசாக இருந்தால் பொந்து ஏது? எத்தனை மாடி, எவ்வளவு உயரம், எங்கே ஓட்டை என்று தெரிந்தால், யார் அங்கே குடியிருக்க முடியும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வெறும் ஊகம் மட்டும் இல்லை. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றோரக் காடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017ல் வந்தன. ஏற்கெனவே மரம் வெட்டப்பட்டு, துண்டு துண்டாகிப்போன காடு அது. அங்கே ஒராங் ஊத்தான்கள் நடமாடிய பாதைகளை லைடார் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். மரக்கூரை நெருக்கமாக, உயரமாக, ஒரே சீராக இருக்கும் பக்கம்தான் அவை போயின. இடைவெளிகளைத் தவிர்த்தன. 70, 80 கிலோ எடையுள்ள ஒரு பிராணி தரையில் இறங்காமல் போக வேண்டுமென்றால், அதற்குக் கிளைதானே ரோடு!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ‘வெட்டப்பட்ட காடு, இனி எதற்கும் ஆகாது’ என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்கப்பட்ட பிறகு அந்த நிலம் செம்பனைக்குப் போவதும் சுலபம். ஆனால் அந்தக் காட்டிலும் ஒராங் ஊத்தான் வாழ்கிறது, அதற்கு வேண்டியது இன்ன இடத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று இப்படிப்பட்ட வரைபடம் எடுத்துக் காட்டுகிறது.

மாநில அளவிலும் இது நடந்திருக்கிறது. 2016ல் கார்னகி ஆகாய ஆய்வுக்கூடத்தின் விமானம் சபா மீது பறந்தது. அந்த லேசர் அளவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு சேர்த்து, மாநிலம் முழுவதற்கும் ஒரு கார்பன் வரைபடம் தயாரித்தார்கள். வெட்டுப்படாத காடுகளில் தரைக்கு மேல் மட்டும் ஹெக்டருக்குச் சராசரியாக 200 டன்னுக்கு மேல் கார்பன் இருந்தது. அதைவிட முக்கியமான தகவல் இன்னொன்று. ஆக அதிகக் கார்பன் உள்ள காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல், முழுப் பாதுகாப்புப் பெற்ற எல்லைக்கு வெளியே இருந்தன. மாநிலத்தின் 30 விழுக்காட்டு நிலத்தை முழுமையாகப் பாதுகாக்க வேண்டும் என்று சபா இலக்கு வைத்திருந்த நேரம் அது. எந்தப் பகுதியைச் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு அந்த வரைபடத்தில் பதில் இருந்தது.

விமானம் ஒவ்வொரு முறையும் பறக்கச் செலவு அதிகம். அதனால் விண்ணில் இருந்தே லேசர் விடும் முயற்சியும் உண்டு. நாசாவின் ‘ஜெடி’ கருவி அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உட்கார்ந்து 2019ல் இருந்து இதைச் செய்கிறது. இடையில் ஒரு வருடம் ஓய்வு, 2024ல் மறுபடி வேலை. ஆனால் அது முழுப் படம் எடுக்காது. 25 மீட்டர் அகலப் பொட்டுகளாக இங்கொன்றும் அங்கொன்றுமாக அளக்கும். நடுவில் உள்ளதை மற்ற செயற்கைக்கோள்களை வைத்து நிரப்ப வேண்டும்.

பச்சை எல்லாம் காடா?

1992ல் ரியோ மாநாட்டில், நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்போம் என்று மலேசியா உறுதி கொடுத்தது. இன்றைய அதிகாரபூர்வக் கணக்கு சுமார் 54 விழுக்காடு. உலக அளவில் பார்த்தால் நல்ல எண்தான்.

ஆனால் ‘காடு’ என்றால் என்ன?

ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அரை ஹெக்டருக்கு மேல் நிலம், 5 மீட்டருக்கு மேல் உயரும் மரம், 10 விழுக்காட்டுக்கு மேல் நிழல். அந்த வரையறையில் செம்பனை காடு இல்லை. ஆனால் ரப்பர் தோட்டமும், வெட்டி விற்பதற்காக நட்ட மரத்தோட்டமும் காடுதான். உங்கள் பாட்டி விடிகாலையில் பால்மரம் வெட்டப் போன அதே எஸ்டேட், அந்தக் கணக்கில் காடு! ஒரே ஒரு மரம், வரிசை வரிசையாக. அதை டானும் பள்ளத்தாக்கோடு ஒரே பெட்டியில் போட்டால், பாட்டியே சிரிப்பார்.

செயற்கைக்கோளுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. முற்றிய ரப்பர் தோட்டமும் இயற்கைக் காடும் மேலே இருந்து ஏறக்குறைய ஒரே பச்சை. செம்பனையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் எளிது. நேர் வரிசை, நட்சத்திரம் மாதிரி ஓலை, ரேடாரில் தனி அடையாளம். சின்னத் தோட்டம், பலவகை மரம் கலந்த தோட்டம் என்றால் திணறல்தான்.

இந்தத் திணறல் வெறும் ஆய்வாளர்களின் தலைவலி என்று நினைக்காதீர்கள். காடழிப்பில் விளைந்த பொருளை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் இருந்து செம்பனை எண்ணெய், ரப்பர், மரம், கொக்கோ எதுவும் போகக்கூடாது. விளைந்த நிலத்தின் ஜி.பி.எஸ் ஆயத்தொலைவு கொடுக்க வேண்டும். அமலாக்கம் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போய்விட்டது, மலேசியாவுக்கு 2025 மே மாதம் ‘நடுத்தர அபாயம்’ என்ற முத்திரையும் கிடைத்தது. அதெல்லாம் அரசியல். நடைமுறையில், 2 ஹெக்டர் வைத்திருக்கும் ஒரு சிறு தோட்டக்காரரின் நிலத்தை ஒரு வரைபடம் ‘2020ல் காடு’ என்று தப்பாகக் காட்டினால், ‘இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழும்? பெரிய கம்பெனிக்கு அதற்கென்றே ஆள் உண்டு. சின்னவருக்கு?

படத்தைக் கொஞ்சம் ஆழமாக எடுத்தால் இந்தக் குழப்பத்தைக் குறைக்கலாம். சாதாரணச் செயற்கைக்கோள் பத்துப் பன்னிரண்டு நிறப்பட்டைகளில் பார்க்கிறது. விமானத்தில் வைக்கும் சில கருவிகள் நூற்றுக்கணக்கான பட்டைகளில் பார்க்கும். ஒவ்வொரு மரவகையின் இலையிலும் நீர், நைட்ரஜன், பச்சையம் வேறு வேறு அளவில் இருப்பதால், திருப்பி அனுப்பும் ஒளியும் கொஞ்சம் வேறுபடும். ஒரே மாதிரி ஒளி வந்தால் ஒற்றை மரத் தோட்டம். கலவையாக வந்தால் பலவகை மரங்கள். இதில் துல்லியமாக இனத்தின் பெயர் சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ‘எவ்வளவு கலவை’ என்று சொல்ல முடிகிறது.

மரத்துக்குக் கீழே நடப்பது

சரி, உயரம் தெரிந்தது, கலவை தெரிந்தது. புலி?

நாட்டின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2016 முதல் 2020 வரை நடந்தது. காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்றது அது. அந்த எண்ணைச் சொன்னது செயற்கைக்கோள் அல்ல. தானியங்கிக் கேமரா. மரத்தில் கட்டி வைத்தால், முன்னால் வெப்பமும் அசைவும் தெரிந்தால் தானே படம் எடுக்கும். ஒவ்வொரு புலிக்கும் கோடுகள் நம் கைரேகை மாதிரி வேறு. அதை வைத்து எண்ணினார்கள்.

புலியைக் கொல்வதில் பெரும் பங்கு கம்பிக் கண்ணிக்கு. மெல்லிய கேபிள், ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அதை எந்தச் செயற்கைக்கோளாலும் பார்க்க முடியாது. பெலும்-தெமெங்கோர் காட்டை மேலிருந்து பார்த்தால் மரக்கூரை முழுசாக இருக்கும். உள்ளே கண்ணி நூறு இருக்கலாம். ரோந்து போகிறவர்களும், அந்தக் காட்டை அறிந்த ஓராங் அஸ்லி மக்களும் நடந்து போய்த்தான் அதை எடுக்க வேண்டும்.

இன்னோர் உதாரணம். 2021 பிப்ரவரியில் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது உறுதியானது. போர்னியோவின் காட்டில் வாழும் தாடிப்பன்றிகள் ஏராளமாகச் செத்தன. விதையைத் தின்று, மண்ணைக் கிளறி, காட்டின் அடுத்த தலைமுறை மரம் எங்கே முளைக்கும் என்பதில் பங்கு உள்ள பிராணி அது. உள்ளூர் மக்களுக்கு அது உணவும்கூட. அத்தனை செத்தும், செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம்கூட நிறம் மாறவில்லை.

மரம் நின்று விலங்கு மட்டும் காணாமல் போன காட்டுக்கு, ‘வெற்றுக் காடு’ என்று 1992லேயே பெயர் வைத்தார் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற சூழலியலாளர். காடு இருக்கிறது என்பதால் எல்லாம் இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள் என்பதுதான் அவர் சொன்னது.

ஆகவே ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்க்கிறார்கள். கீழே கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பதிவு செய்வது. காட்டில் அட்டை கடித்தால் நமக்கு எரிச்சல்தான். சபாவில் அந்த அட்டைகளையே பிடித்து, அவை குடித்த ரத்தத்தின் மரபணுவில் இருந்து எந்தெந்த விலங்கு நடமாடுகிறது என்றுகூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்புறம், ‘இந்த விலங்கு இருந்த இடங்களில் காட்டின் கட்டமைப்பு எப்படி இருந்தது?’ என்று மேலிருந்து எடுத்த வரைபடத்தைக் கேட்பது. அந்த உறவு தெரிந்துவிட்டால், கால் வைக்காத இடத்தைப் பற்றியும் கணிக்கலாம். கணிப்புதான், கணக்கெடுப்பு இல்லை. அந்த வித்தியாசம் செய்தி அறிக்கைகளில் அடிக்கடி காணாமல் போகிறது.

என் கருத்தைக் கேட்டால், ‘54 விழுக்காடு’ என்ற ஒற்றை எண்ணோடு நாம் திருப்திப்பட்டது போதும். அதில் இயற்கைக் காடு எவ்வளவு, நட்ட மரம் எவ்வளவு, துண்டுபடாமல் இருப்பது எவ்வளவு என்று ஆண்டுதோறும் பிரித்துச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. தானியங்கிக் கேமராவுக்கும் அதைக் கட்டப் போகும் ஆளுக்கும் ஆகும் செலவு, ஒரு செயற்கைக்கோளின் விலையோடு ஒப்பிட்டால் தூசு. ஆனாலும் தலைப்புச் செய்தியும் பணமும் மேலே பறப்பதற்குத்தான் முதலில் போகின்றன.

நீங்களே பார்க்கலாம்

‘குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்’ இணையத்தளம் 2014ல் இருந்து எல்லாருக்கும் இலவசம். கைப்பேசியிலேயே திறக்கலாம். சபாவின் லஹாட் டத்து பக்கம் பெரிதாக்குங்கள். டானும் பள்ளத்தாக்கு, அதற்குக் கிழக்கே தாபின், இரண்டையும் தேடிப் பாருங்கள். தாபினைச் சுற்றி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேரான விளிம்புகள் தெரியும். அது செம்பனை.

படத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும். உடனே ‘ஐயோ, காடு போச்சு’ என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்துவிடாதீர்கள். அந்தப் புள்ளி காட்டுவது மரப்போர்வை இழப்பை. இந்தத் தளத்தின் கணக்கில் செம்பனையும் மரப்போர்வைதான். 25 வருடமான செம்பனையைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்தாலும் அதே இளஞ்சிவப்புதான் வரும். தோட்டங்களைக் காட்டும் அடுக்கு ஒன்று அதிலேயே இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். தோட்ட எல்லைக்கு வெளியே, பாதுகாக்கப்பட்ட காட்டின் ஓரத்தில், இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் புள்ளிகளைத்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். தேதியையும் ஆயத்தொலைவையும் குறித்துக்கொண்டு, தீபகற்பத்தில் என்றால் மாநில வனத்துறைக்கு, சபா என்றால் சபா வனத்துறைக்கு எழுதலாம்.